அப்பா செய்த கம்பிக் கதவு

சேசு மரி சூசை

ஆம்பூர், ஆகஸ்ட் 1934

அன்புள்ள மகன் இருதயராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை பிலோமினாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அப்பா போன பிறகும் எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. எழுகிறேன், சமைக்கிறேன், பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறேன். பக்கத்து வீட்டு பில்கிஸ் சோறு கொடுத்தனுப்பி, உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டிருந்தாய். இந்தத் தோல் பதனிடும் ஷாப்பில் முதன்முதல் டைனமோ வைத்து விளக்கேற்றியவர், தொட்டி நிரம்பினால் தானே அடிக்கிற மணி செய்தவர், நீ கப்பலேறிய பிறகு தோல் சுற்றும் ஒவ்வொரு டிரம்முக்கும் முன்னால் ஒரு கம்பிக் கதவு செய்து வைத்தார். கதவு திறந்திருந்தால் அதிலுள்ள விசை அந்த டிரம்முக்குக் கரண்ட் போகவிடாது. மாமியார் வீட்டுக்குள் கால் வைத்ததுபோல், திறந்ததும் எல்லாம் நின்றுபோகிறதே என்று ஆட்கள் அதற்கு மாமியார் கதவு என்று பெயர் வைத்தார்கள், அப்பாவும் சிரிப்பார். அன்று கதவைத் திறந்து வைத்துவிட்டு, இனி ஓடாது என்ற நம்பிக்கையில், நின்றிருந்த டிரம்முக்குள் குனிந்து ஆணியைப் பார்த்திருக்கிறார். டைனமோ அறையில் வழக்கம்போல் கரண்டை விட்டார்கள். டிரம் சுற்றிவிட்டது.

செய்தவரையே காப்பாற்றாத சாமான் இன்னாத்துக்கு, எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று முதலாளி அப்துல் வஹாப் சாகிப் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு மனசு பொறுக்காமல்தான் அந்த டிரம் ஆள் கோவிந்தசாமி, பெண்சாதி முனியம்மாவோடு நம் வீட்டுக்கு வந்தான். டிரம் பாதியில நின்னா தோலு ஒரு பக்கம் படிஞ்சி கறை உழுதும்மா, மேஸ்திரி எங்களத்தான் ஏசறாரு, அதான் கதவு தொறந்தாலும் ஓடட்டும்னு விசையைத் தோல் வாரால இறுக்கிக் கட்டி வெச்சேன், ஐயாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்கம்மா என்றான். அவர்களை அனுப்பிவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். கதவுகள் போனால் நாளைக்கு அதே டிரம்முக்குள் குனியப்போவது அவனைப் போன்ற ஒருவன்தான்.

சாகிப்பிடம் போய், விசை கட்டப்பட்டிருந்தது என்று மட்டும் சொன்னேன். யார் கட்டியது என்று கேட்டார், சொல்லவில்லை. அந்த டிரம்மில் நிற்பவன் யாரென்று அவருக்குத் தெரியாதா? கதவுகள் இருக்கின்றன. கோவிந்தசாமிக்கு வேலை போய்விட்டது. முனியம்மா என்னை ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நீ படிப்பை விட்டுவிட்டு வராதே. நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. விசையைக் கட்டினால் டிரம்மே ஓடாதபடி ஒன்று செய்ய முடியுமா என்று யோசித்து எழுது. அதுவரை தினமும் பள்ளிக்குப் போகுமுன் ஷாப்புக்குள் போய், ஒவ்வொரு கதவின் விசையையும் நானே தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன், சாகிப் சம்மதித்துவிட்டார்.

மாதா உன்னைக் கைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அம்மா
லூர்தம்மாள்