வலியால்தான் விலகினேன்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி செண்பகம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தோ பாயோ வீட்டிலிருந்து எழுதுவது. நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். இதை மருமகள் முன்னால் பிரிக்காதீர்கள்.

சித்திரையில் லீவுக்கு வந்தபோது நீங்கள் தொட்டதும் விலகிவிட்டேன். "என்னைப் பிடிக்காமப் போச்சா?" என்று கேட்டீர்கள். பிடிக்காமல் இல்லை, மாமா. வலி தாங்க முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்தாலே எரிந்ததால் போன வாரம் கிளினிக்குக்குப் போனேன். பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரம்மா இந்த ஊர்த் தமிழ்க்காரர், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார். "மாதவிடாய் நின்னதும் ஹார்மோன் குறையும், அந்த இடம் வறண்டு போகும். நிறைய பேருக்கு வர்றதுதான் லா. அங்க சோப்பு போடாதீங்க, வறட்சிக்கு ஜெல் தர்றேன்" என்றார். "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டபோது அழுதுவிட்டேன்.

இப்போது எரிச்சல் தேவலை. ஆனால் அடுத்த லீவுக்கு இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது. அதுவரை நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு படுப்பீர்களோ, இங்கிருந்து என்னால் என்ன செய்ய முடியும்?

பருத்தி உள்பாவாடை இரண்டு அனுப்புங்கள். ஞாயிறு நான் கூப்பிடும்போது போனை நீங்களே எடுங்கள். வேறு ஒன்றும் பேச வேண்டாம். கடிதம் வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

குக்கர் விசில் அடிக்கிறது.

செண்பகம்