நாற்பது பேர் சொன்ன பதில்

எல்லம்மாவுக்கு உன் புருஷன் துலுக்கானம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இதைக் கரையான்சாவடிக் கடைக்காரர் உலகநாதர் எழுதுகிறார். சொன்னபடிதான் எழுதினாரா என்று வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே தபாலில் போடுவேன்.

ஆவடி முகாமில், மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறுகிறவர்களுக்குச் சோறு வடிக்கிற வேலைதான் இப்போதும். நேற்று ஒரு வேடிக்கை. துரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இஷ்டப்பட்டுத்தான் போகிறாயா என்று விசாரித்தார். நாற்பது பேரும், "என் மனசார போறேன் சாமி, யாரும் ஆசை காட்டல" என்றார்கள். ஒரு சொல் மாறவில்லை. ஆள் சேர்த்து வந்த கங்காணி பின்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, மொறச்சிகினு கீறே?" என்றான்.

"ஒண்ணுமில்ல நைனா, கண்ல பொகை" என்றேன்.

முப்பது வருஷத்துக்கு முன் நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். மூன்று வருஷம் என்று அனுப்பினார்கள். ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பினேன்.

தனியாகத் தின்றால் சோறு இறங்குவதில்லை, உன் கை மாவடு கொஞ்சம் அனுப்பு. உலகநாதர் கடையடைக்க அவசரப்படுகிறார். ஒன்று மட்டும். நம் மகன் வேம்புலி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தனக்குள் என்ன முணுமுணுக்கிறான் என்று காது கொடுத்துக் கேள். அந்த 'மனசார போறேன்' வார்த்தையாக இருந்தால், அவன் கிளம்ப முடியாதபடி அவனுடைய ஒரே சட்டையை ஒளித்து வை. நான் புறப்பட்டு வந்துவிடுகிறேன்.