மேட்டுத் துண்டில் கடுகு

ஜனவரி 5

மாமனார் விட்டுப்போன மேட்டுத் துண்டில் கடுகு மூன்று வாரப் பயிர். அதைவிட உயரமாகக் களை நிற்கிறது. கோரை, சாரணை, பார்த்தீனியம், இன்னும் பெயர் தெரியாத சனியன்கள். விக்கிரமசிங்கபுரம் மில்லில் இருபத்தெட்டு வருடம் பஞ்சுத் தூசியைத் தின்றேன். அதுகூட இவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை.

மருந்துக் கடைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கடுகு முளைத்தபின் அடிக்கிற மருந்து புல்லை மட்டும்தான் கொல்லும், மற்றதைக் கையால்தான் பிடுங்க வேண்டும். சுடலைவடிவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் களையெடுப்பு என்றால் அவளும் அவள் கூட்டிவரும் ஏழு பெண்களும்தான். ஒன்பதாம் தேதி வருகிறார்கள்.

ஜனவரி 6

மருந்து அடித்தாயிற்று. பக்கத்து வயல் ஜாபேஸின் மருந்தடிக்கிற டேங்க். நேற்று தன் நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு அப்படியே தூக்கிக் கொடுத்தான். மூடியைத் திறந்தேன் — சீ! மண்டைக்குள் ஏறுகிற வாடை. அடியில் பழுப்பாகக் கசடு, வாயைச் சுற்றிப் பிசுபிசுப்பு. மனுசன் தொடுவானா இதை? கையை உள்ளே விட முடியவில்லை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கிக் கொட்டினேன். மருந்தைக் கலந்தேன், அடித்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன்.

ஜனவரி 9

களையெடுப்பு. வரப்பெல்லாம் வெற்றிலை எச்சில். தூக்குவாளியைத் திறந்தால் கருவாட்டு வாடை என் மூக்கு வரைக்கும். வடிவு எதையோ சொல்ல வந்தாள். போனில் இருந்தேன், அப்புறம் பார்க்கலாம் என்று கையைக் காட்டினேன்.

ஜனவரி 11

போச்சு. தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. இலை சுருண்டு, பார்க்கவே அருவருப்பாக ஏதோ புழு மாதிரி. அவர்கள் இறங்கின பிறகுதானே இப்படி? வேரை அசைத்துவிட்டார்கள், மிதித்துவிட்டார்கள், வேறென்ன? நேரே வடிவு வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

“நாங்க எறங்கும்போதே எல சுருண்டு கெடந்துச்சு அண்ணாச்சி. சொல்லத்தான் வந்தேன், நீங்க போனை வைக்கல” என்றாள்.

எப்படிப் பேசுகிறாள் பாரு!

ஜனவரி 12

டீக்கடையில் பத்துப் பேர் கேட்கச் சொன்னேன், வடிவு ஆட்களை வயலில் விட்டால் பயிர் மிஞ்சாது என்று. ஜாபேஸ் நாளைக்கு அவர்களை வேலைக்குச் சொல்லியிருந்தானாம், வேண்டாம் என்றுவிட்டான். இன்னொரு வயல்காரரும் அப்படியே. நல்லது.

ஜனவரி 13

நல்லதா? பொன்செல்வி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். எட்டு வீட்டுக்கும் பொங்கலுக்கு முந்தின வேலை ஜாபேஸ் வயல் ஒன்றுதானாம். கட்டின பெண்டாட்டி என் பக்கம் நிற்க மாட்டாளா?

ஜனவரி 17

வேளாண்மை ஆபீஸிலிருந்து மஹாலக்ஷ்மி என்று ஒரு பெண் வந்து பார்த்தார். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார், வெள்ளையாக நன்றாகவே இருந்தது. “இது கையால வந்த கேடு இல்ல சார். நெல்லுக்கு அடிக்கிற களைக்கொல்லி டேங்க்ல மிச்சம் இருந்திருக்கு. கடுகு தாங்காது. எத்தனை தடவை கழுவுனீங்க?”

மூன்று தடவை என்றேன். பொன்செல்வி பக்கத்தில் நின்றாள்.

ஜனவரி 18

மூன்று தடவை கழுவினது என் உடம்பை. தூ!

ஜனவரி 20

வடிவு வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன், தப்பு என்னுடையது, டேங்கைச் சரியாகக் கழுவவில்லை என்று. அவள் உட்காரச் சொல்லவில்லை.

“எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? டீக்கடையில வச்சுத்தானே சொன்னிய. அங்கன போய்ச் சொல்லுங்க.”

திரும்பி நடந்தேன். அந்தப் பத்துப் பேர் முன்னாலா? எப்படிச் சொல்ல?

ஜனவரி 21

போகவில்லை.

ஜனவரி 22

போனேன். சொன்னேன். ஒருத்தர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜாபேஸ் சிரித்துக்கொண்டே “விடும்வே, பொம்பளையளுக்குப் போய் இவ்ளோ பெருசா…” என்றான். அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பத்து நாள் முன்னால் நான் பேசினதும் இதே மாதிரிதானே? உட்கார்ந்திருந்து, வடிவு ஆட்களை வயலுக்குக் கூப்பிடுகிறேன் என்று ஜாபேஸையும் அந்த இன்னொரு வயல்காரரையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். டீயைக் குடிக்கவில்லை.

ஜனவரி 27

பாதிக் கடுகு பிழைத்திருக்கிறது. கோரை மறுபடி வந்துவிட்டது. வடிவைக் கூப்பிட்டேன். உங்க வயலுக்கு வரல அண்ணாச்சி என்றாள், அவ்வளவுதான், கோபமாகக்கூட இல்லை. காலையிலிருந்து நானே பிடுங்குகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது, நகத்துக்குள்ளெல்லாம் சேறு.

அடுத்த வயலில், ஜாபேஸின் நெல்லில், எட்டுப் பேரும் வரிசையாக இறங்கியிருந்தார்கள். மதியம் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள், ஒரே சிரிப்பு. நான் நிமிர்ந்தேன். பேச்சு நின்றுவிட்டது. குனிந்த பிறகு பைய மறுபடி ஆரம்பித்தது.