கார்டில் இரண்டு பெயர்

வேம்பார்
5.7.2025

மருமகன் ஜோன்சுக்கு,

மாதா உன் பக்கத்துலயே இருக்கட்டும். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குத. எடுத்தாலும் ரெண்டு பேரும் பேசாம மூக்கை உறிஞ்சிக்கிட்டுக் கிடக்கோம். அதான் தூக்குச்சட்டிக்குள்ள எழுதி வைக்கேன். பஸ்ஸுல லிங்கராஜ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்புதேன், பழைய பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்க. கீழ நெத்திலிக் கருவாடு. மேல சீலாத் துண்டு ரெண்டு. எண்ணெய அள்ளி ஊத்தாத.

சங்கதி என்னன்னா, நான் செத்துப் போயிட்டேன்.

பயப்படாதலே. ரேஷன் கடை மெஷின்ல செத்துப் போயிட்டேன். போன மாசம் அரிசிக்கே போகல, இந்த மாசம் போயி விரலை வச்சா, கடைக்காரத் தம்பி தங்கப்பாண்டி முழிக்கான். "யக்கா, ஒங்க பேரை எடுத்தாச்சே. இறந்துட்டதாக் காட்டுது"ங்கான். "அப்ப ஒன் முன்னால நிக்கது யாருடே?"ன்னு கேட்டேன். "எனக்குத் தெரியுதுக்கா, மெஷினுக்குத் தெரியலையே"ங்கான். பின்னால நின்ன அடுத்த வீட்டு டெல்பின், "ஏளா பிளாரன்சு, சொல்லாம கொள்ளாம எப்பளா செத்த? பூசைக்கு வந்திருப்பேம்லா"ன்னா. வரிசையே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளங்குச்சு. ரீனா கலியாணத்துக்கு அப்புறமும் என் கார்டுலதான இருந்தா, நீங்க ரெண்டு பேரும் தூத்துக்குடிக்கு மாத்தவே இல்ல. அவ பேரை எடுக்கணும்னு சொன்னாங்கன்னு, நீ தந்த இறப்புச் சான்று ஜெராக்ஸைக் கொண்டு தாலுகா ஆபீஸ்ல குடுத்தேன். அவ பேருக்குப் பதிலா என் பேரை எடுத்துட்டாங்க. இப்ப எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்துட்டாங்களாம், இங்கன பேரு போனா அங்கனயும் பணம் நின்னுருமாம். விதவைப் பணம் ரெண்டு மாசமா வராதது அதுனாலதான்.

சரி பண்ண ஒரிஜினல் சான்று வேணுமாம். செத்தது என் பொஞ்சாதிதான்னு புருசன் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். அடக்கத்துக்கு அப்புறம் நீ வேம்பாருக்கு வரவே இல்ல. ஏன்னு நானும் கேக்கல. ஆனா இதுக்கு நீ வந்தாத்தான் ஆகும்போல.

செத்துப்போன
பிளாரன்ஸ் மாமி


தூத்துக்குடி
9.7.2025

மாமிக்கு,

தூக்கு கிடைத்தது. நெத்திலியை வறுத்தேன். கொஞ்சம் தீய்ந்துவிட்டது. சாப்பிட்டேன்.

துறைமுகத்தில் வேலை போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் ஒரு கிரேன், கன்டெய்னர் பெட்டியை இறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கீழே கப்பல் நிற்கிறது, இத்தனை பேர் நின்று கத்துகிறோம், கிரேனுக்கு மட்டும் கப்பல் தெரியவில்லை. ஏறிப் பார்த்தால் சென்சார் மேல் உப்பு படிந்திருக்கிறது. துடைத்தேன். உடனே தெரிந்தது. தங்கப்பாண்டியின் மெஷினும் அப்படித்தான். நாம் ஊட்டியதைத்தான் அது திருப்பிச் சொல்லும்.

உங்கள் கார்டை நானே போனில் போட்டுப் பார்த்தேன். உள்ளே போக ஒரு நம்பர் வரும். அது ரீனாவின் போனுக்கு வந்தது. அந்த போனை இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

பக்கம் திறந்தது. ஒரே ஒரு பெயர்தான் இருந்தது மாமி.

குடும்பத் தலைவி: ரீனா. வயது: 30. நிலை: செயலில் உள்ளது.

ஜூனில் அவளுக்குப் பிறந்தநாள். அவள் அதற்கு இல்லை. ஆனால் அந்தப் பக்கம் அவளுக்கு முப்பது ஆக்கிவிட்டது. யாரும் சொல்லாமல், கேக் வெட்டாமல், தானாகவே. அது வெறும் கழித்தல் கணக்கு என்று எனக்குத் தெரியும். நான் படித்த படிப்பே அதுதான். இருந்தாலும், பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்தும்போது கோயில் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் ஆகுமே, அப்படி ஆகிவிட்டது அறை. திரை அணையும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு எழுப்பினேன்.

ஒரிஜினல் என்னிடம்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அரிசிக்குத் தூக்கில் பணம் வைத்திருக்கிறேன்.

ஜோன்ஸ்


வேம்பார்
16.7.2025

ஜோன்சு,

உன் பணத்தை அப்படியே திருப்பி வச்சிருக்கேன். மருமகன் காசுல அரிசி வாங்குற அளவுக்கு நான் இன்னும் சாகல. இன்னைக்கு சாளைக் கருவாடு. நல்லாக் காஞ்சது.

எதுக்கு என் பேரை எடுத்தாங்கன்னு கேட்டுட்டு வருவோம்னு ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால ஒரு சின்னப்பிள்ள உக்காந்திருக்கு, புதுசா வேலைக்கு வந்ததாம். என் கார்டைப் போட்டுப் பாத்துச்சு, மொகம் வெளிறிப் போச்சு. "கார்டுல ரெண்டு பொம்பளப் பேரு இருந்துச்சும்மா. ஒண்ணுக்கு அறுபத்தி மூணு, ஒண்ணுக்கு இருபத்தொம்பது. நான் பேரைப் பாக்கலம்மா, வயசைத்தான் பாத்தேன். மூத்தவங்கதான் போயிருப்பாங்கன்னு அமுக்கிட்டேன்"னு அழுவுது.

எனக்குக் கோவமே வரலலே. அது தலையைத் தடவிக் குடுத்தேன். "நீ சரியாத்தான் அமுக்கிருக்க தாயி. வரிசை மாறுனது இங்கன இல்ல, மேல உக்காந்திருக்காரே அவரு ஆபீசுலதான்"னு சொன்னேன். அது இன்னும் கூட அழுதுச்சு.

பஸ்ஸுல வரும்போது உன் கடுதாசியைத் திரும்பவும் படிச்சேன். முப்பது ஆயிட்டாளா என் மவ? நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறந்தநாளை நினைச்சிரக் கூடாதுன்னு அன்னைக்கு முழுக்க மீன் அலசிக்கிட்டே கிடந்தேன்.

அதனால சொல்லுதேன், அது அப்படியே கிடக்கட்டும். நீ கையெழுத்துப் போட வர வேண்டாம். பிள்ளைக்குப் பதிலா நான் போறேன்னு எல்லாத் தாயும் வாயாலதான் சொல்லுதா. யாருக்கு அது வாய்க்குது? ஆஸ்பத்திரியில அஞ்சு நாளும் நான் அதைத்தான் மாதாகிட்டக் கேட்டேன். ஒரு கம்ப்யூட்டர்லயாவது அது நடந்திருக்குல்லா. அங்கன அவ இருக்கட்டும். வருசா வருசம் வயசு ஏறட்டும். நான் எப்படியும் பொழைச்சுக்கிடுவேன்.

மாமி


தூத்துக்குடி
24.7.2025

மாமி,

உங்கள் கடிதத்தை கிரேன் மேலே வைத்துப் படித்தேன். அங்கே ஏறினால் துறைமுகம் முழுக்கக் காலுக்குக் கீழே கிடக்கும். கப்பல்கள் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். வடக்கே கரை வளைந்து வளைந்து வெளுத்துக்கொண்டே போகும். அந்த வெளுப்புக்குள் எங்கேயோதான் நீங்கள் மீன் காயப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். இவ்வளவு பெரிய கடலைத் தினமும் பார்க்கிறேன், அது எனக்கு ஒன்றுமே செய்வதில்லை இப்போது. உங்கள் ஒரு தாளைப் படித்துவிட்டுக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு மனுஷியிடம் இவ்வளவு இருக்குமா? அவளை எழுப்பி வைப்பதற்காகத் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தேன் நான். நீங்கள் அவளுக்குப் பதிலாகப் படுத்து இடம் விட்டிருக்கிறீர்கள்.

சரி, இப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. அவள் போன பிறகு முதல் சந்தோஷம்.

அப்புறம் இந்த வாரத் தூக்கு வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். லிங்கராஜ் அண்ணன் தூக்கைக் கையில் தரவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஏலே, அந்தம்மா ஒரு நேரம்தான் கஞ்சி காய்ச்சுதாம், தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"டெல்பின் அக்காதான். சோறு கொண்டு குடுத்தா வாங்க மாட்டேங்குதாம். செத்தவளுக்கு எதுக்குளா சோறுன்னு சிரிக்குதாம். விக்க வேண்டிய கருவாடெல்லாம் ஒன் தூக்குக்குத்தான் வருது. நீ என்னடான்னா வாரவாரம் வந்து வாங்கி நக்கிட்டுப் போற."

பஸ் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கை வாங்கி அங்கேயே திறந்து பார்த்தேன். விளிம்பு வரைக்கும் கருவாடு இருந்தது.

ரீனா சாப்பிட உட்கார்ந்தால் முதலில் யார் தட்டைப் பார்ப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தட்டில் மீன் விழுந்த பிறகுதான் தன் துண்டைத் தொடுவாள். "எம்மா, தலைய மட்டும் எடுத்துட்டு ஏமாத்தாத" என்று சத்தம் போடுவாள். அந்தப் பக்கத்தில் அவள் குடும்பத் தலைவி. அவள் பெயரில் இருக்கிற கார்டில் உங்களுக்கு அரிசி இல்லை. அதைத்தான் நான் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை, முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். ஒரிஜினலைக் கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள் மாமி. சொன்னாலும் வருவேன்.

ஜோன்ஸ்


தூத்துக்குடி
30.7.2025

மாமி,

திரும்பி வரும்போது நீங்கள் பஸ் நகரும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தீர்கள். ஒன்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

ஆபீஸில் அந்தப் பெண் தாளை நீட்டினாள். "எந்தப் பேரு சார் எடுக்கணும்? நீங்களே சொல்லிருங்க, நான் இனி எதையும் நினைச்சுக்கிட மாட்டேன்" என்றாள். நான் பெயரைச் சொன்னேன். அடக்கத்துக்கு அப்புறம் வாய்விட்டு அந்தப் பெயரை நான் சொன்னது அன்றைக்குத்தான். நீங்கள் என் முழங்கையைப் பிடித்திருந்தீர்கள். கையெழுத்து கோணலாக விழுந்தது அதனால்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. பிடித்திருக்காவிட்டால் விழுந்தே இருக்காது.

சொல்ல நினைத்தது இது இல்லை. அதற்குப் பிறகு நடந்தது.

மீன் அலசி அலசி உங்கள் விரல் ரேகை தேய்ந்திருக்கிறது. நாலு தடவை வைத்தும் எடுக்கவில்லை. அப்புறம் கண் மெஷினைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சிமிட்டாதீங்கம்மா" என்று அவள் சொல்ல, "சிமிட்டுனா திரும்பவும் செத்துருவேனா தாயி?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை முழுக்க உங்கள் ஒரு கண். அவ்வளவு பெரிதாக ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லை. மேலே இருந்து ஆழம் குறைந்த கடலைப் பார்த்தால் அடியில் பாறையும் மணலும் பாசியும் கோடு கோடாகத் தெரியுமே, அது போல. நடுவில் கருப்பு, சுருங்கிச் சுருங்கி விரிகிறது, மூச்சு விடுகிற மாதிரி. அதைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு வளையம். வளையத்துக்குக் கீழே, மூக்குப் பக்கமாக, ஒரு சின்ன மஞ்சள் புள்ளி.

ரீனாவுக்கும் அது இருந்தது மாமி. அதே கண்ணில், அதே இடத்தில். கிட்டத்தில் முகம் வைத்தால் மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒருவர் கண்ணின் கோடுகள் இன்னொருவருக்கு வராது. அந்த மெஷின் வேலை செய்வதே அதை நம்பித்தான். எனக்கு அது தெரியும். கோடுகளெல்லாம் உங்களுடையதுதான். மெஷின் உங்களை உங்களோடுதான் பொருத்திப் பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது. "அம்மா உயிரோட இருக்காங்க" என்று அவள் சொன்னாள், பரீட்சை முடிவு சொல்கிற மாதிரி.

ஆனால் அந்தப் புள்ளியை அது எண்ணவில்லை. அதை நான் பார்த்தேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்து நீங்கள் கலர் சோடா வாங்கிக் கொடுத்தீர்கள். தலைசுற்றல் இல்லை மாமி.

ராத்திரி அவள் போனை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தைத் திறக்கவில்லை. சார்ஜ் வயரை மட்டும் கழற்றி வைத்தேன்.

ஜோன்ஸ்


வேம்பார்
27.8.2025

ஜோன்சு,

உசிரோட இருக்குற மாமி எழுதுதேன். அரிசி வந்துட்டு. நின்ன பணம் சேந்து வந்துட்டு. தங்கப்பாண்டி மெஷின்ல என் பேரு வந்ததும், "யக்கா, மூணாம் நாள் இல்ல, மூணாம் மாசம் எந்திரிச்சிருக்கீங்க"ன்னான். வேதம் தெரிஞ்சிருக்கு அவனுக்கும். ரெண்டு நேரமும் பொங்குதேன், லிங்கராஜுகிட்ட நீ விசாரிச்சுக்கிடலாம்.

உன் கடுதாசியைப் படிச்சிட்டுக் கண்ணாடி முன்னால போயி நின்னேன். அறுபத்தி மூணு வருசமா இந்த மூஞ்சியைச் சுமக்கேன், அந்தப் புள்ளியை நான் கண்டதே இல்லலே. வெளிச்சம் பத்தலன்னு கண்ணாடிய வாசலுக்குக் கொண்டுபோயி, டெல்பினைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். அவ மூக்கு மேல மூக்கு வச்சுப் பாத்துட்டு, "ஆமாளா, இருக்கு"ன்னா. என் மவளை நான் தேடாத இடம் இல்ல. என் மூஞ்சிக்குள்ளயே வச்சிருந்திருக்கேன்.

புதுக் கார்டு வந்திருக்கு. மேல என் பேரு. கீழ வெறுசாக் கிடக்கு. பாக்க நல்லாவே இல்ல. உன் பேரைச் சேக்கட்டுமா? நீ எனக்கு மருமகன் மட்டுமா, எங்க அண்ணன் மவனும்தான. நாளைக்கு நீ வேற கலியாணம் கட்டுனா நானே கொண்டுபோயி எடுத்துத் தாரேன், மூஞ்சியைத் தூக்க மாட்டேன். அதுவரைக்கும் இருக்கட்டும். அந்தப் பிள்ளகிட்டக் கேட்டேன். "ரெண்டு மட்டம் பாத்துட்டுத்தான் அமுக்குவேம்மா"ன்னு சொல்லுது. ஆனா சேக்கதுக்கு நீ வந்து கண்ணைக் காட்டணுமாம். நீ மெஷினைப் பாரு. இந்த மட்டம் நான் அந்தப் பக்கம் நின்னு பாக்கேன்.

கல்லறைக்குப் போறது உன் இஷ்டம். அவசரம் இல்ல. அவ எங்கயும் போகல.

இனி லிங்கராஜுகிட்ட எதுவும் குடுத்தனுப்ப மாட்டேன், அவனுக்கும் சொல்லிட்டேன். மீன் வேணும்னா வந்து தின்னுட்டுப் போ. தூக்கு உன்கிட்டதான் இருக்கு. வரும்போது கையோட கொண்டு வா.

மாமி