ஆளில்லாத குடில்

மே 19, 2009. செவ்வாய்.

வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாம். அங்கிருந்த அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இந்த வெளிநாட்டு மியூசியத்தில் இன்றும் சீன ஓவியக் கூடத்தில்தான் எனக்குக் காவல் வேலை. வழிகாட்டிப் பெண் மாணவர்களுக்கு விளக்கினாள். ஆதியில் மனிதரைப் பெரிதாகவும் மலையைச் சிறிதாகவும் வரைந்தார்களாம். பிறகு மலை வளர்ந்து, மனிதர் எறும்பளவானார்களாம். ஓர் அரசு போரில் வீழ்ந்த பின், சிலர் மனிதரை வரைவதையே விட்டுவிட்டார்களாம். அப்படி வரைந்த ஒரு படத்தைக் காட்டினாள்; அதில் ஆற்றங்கரையும் வெறும் குடிலும்தான்.

அவர்கள் போனதும் படத்தின் முன்னிருந்த தடுப்புக் கயிற்றைத் தாண்டி, குடிலுக்குள் யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன். அலாரம் அடித்தது. சூப்பர்வைசர் திட்டவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கதவைத் திறந்த மனைவி கேட்டாள்: "உங்கட அக்கா கோல் எடுத்துக் கதைச்சவவே?"

"இல்லை."

"வந்து சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். என்ன கறி என்று இப்போது நினைவில்லை.