பிலோமிக்குச் செய்த சுரண்டி

என் அக்காவைக் கட்டிக்கொண்டு, முப்பத்திரண்டு வருஷம் என்னையும் சேர்த்துக் கட்டி மேய்த்த அன்பு அத்தானுக்கு,

போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். உங்களைப் பற்றி ஊரில் எல்லோரும் நல்லதாகவே சொல்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வராமல் ஒன்றரை மாதம் ஆகிறது. உங்கள் பட்டறைக் கொட்டகையின் கதவைத் தட்டுகிறவர்கள் இன்னும் குறையவில்லை.

நாலு பேர் படிக்கிற இடத்தில் சொன்னால்தான் எனக்கு ஆறும். எனக்கு உங்கள் மேல் பொறாமை, அத்தான். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன், ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் அரம் பிடித்தவன். நீங்கள் தபால் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். ஆனாலும் தெருவில் ஒருவருக்கு உளி வேண்டுமென்றால், கத்திக்குப் பிடி போட வேண்டுமென்றால், என் வீட்டைத் தாண்டித்தான் உங்கள் வீட்டுக்குப் போனார்கள். சிலர் என்னிடமே வழி கேட்டார்கள். நானும் காட்டினேன், வேறென்ன செய்ய?

நீங்கள் முதன்முதலாகச் செய்த உளி ஞாபகம் இருக்கிறதா? தேய்ந்துபோன அரம் ஒன்றைக் கிரைண்டரில் தீட்டி, கரியில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி எடுத்தீர்கள். பிறகு இரும்பின் விறைப்புத் தணிய அதை அக்காவின் தோசைக்கல்லில் வைத்து, வைக்கோல் நிறம் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இது பட்டறையா, ஓட்டலா அத்தான்?" என்று கேட்டேன்.

"என்னடே, ஒனக்கும் ஒண்ணு ஊத்தவா?" என்றீர்கள். நிமிரக்கூட இல்லை.

அந்த உளி ஆறு மாதம் மழுங்கவில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் நான் வந்து அதை ஆணித் தலையில் அடித்துப் பார்த்தேன். அப்போதும் மழுங்கவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிடி போடுவதில்தான் என் பாடு இன்னும் மோசம். வருகிறவர் கையில் உப்புப் போட்டுப் பிசைந்த கோதுமை மாவை உருட்டிக் கொடுத்து, வேலை செய்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொல்வீர்கள். விரல் பதிந்த மாவை வெயிலில் காயவைத்து, பெயர் எழுதி அலமாரியில் அடுக்குவீர்கள். பிறகு அதைப் பார்த்துப் பூவரசங்கட்டையில் பிடி செதுக்குவீர்கள். நான் செய்கிற பிடி எல்லோர் கைக்கும் பொருந்தும். நீங்கள் செய்தது ஒருவர் கைக்குத்தான் பொருந்தும், ஆனால் அந்த ஒருவர் அதை இரவல்கூடத் தரமாட்டார்.

நீங்கள் போன பத்தாம் நாள் பிலோமி வந்தாள். சங்குக் கடைகளுக்குச் சங்கின் மேல்தோலைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறவள். நங்கூரக் கயிற்றில் சிக்கி வலது கட்டைவிரல் மடங்காமல் போனதே, அவள்தான்.

"அண்ணாச்சி எங் கையில மாவக் குடுத்துப் புடிக்கச் சொன்னாக. சுரண்டி முடிஞ்சிட்டான்னு கேக்க வந்தேன். இப்பப் போயி கேக்கப்பிடாதுதான். ஆனா பழசப் புடிச்சு சுரண்டுனா சோத்தப் பெசையக்கூட முடியலண்ணே."

அலமாரியில் அவள் பெயர் எழுதிய மாவு இருந்தது. சுரண்டி இல்லை. "நான் செஞ்சு தாரேன்" என்றேன். இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று அக்கா நினைத்தாள். இரக்கம் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்களைத் தேடி வந்த ஒரு ஆள், உங்கள் கொட்டகையில் வைத்து, என் வேலையைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை அதை என் காதால் கேட்டுவிட வேண்டும். அதுதான் என் ஆசை.

மாவை வெர்னியரில் அளந்தேன். ஒவ்வொரு விரல் பள்ளத்தையும் தாளில் வரைந்து, மயிரிழை பிசகாமல் செதுக்கினேன். கொடுத்த இரண்டாம் நாளே அவள் சுரண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

"தப்பா நெனைக்காதீகண்ணே. வேல சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இது சின்னப்புள்ள கைக்கு உள்ளதுல்லா."

"ஒன் கைதான் வீங்கியிருக்கும்" என்றேன். அளவு எப்படித் தப்பும்? அவள் போய்விட்டாள்.

சப்பாத்திக்குத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "ஏலே, மாவு காஞ்சா சுருங்கும்லா. இதுகூடத் தெரியாதா ஒனக்கு? அவுக சுத்திலும் ஒரு நூல் கூட்டித்தான செதுக்குவாக."

ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். என் முப்பது வருஷச் சர்வீஸ் கோதுமை மாவிடம் தோற்றது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள், அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஒரு தடவையாவது என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாமே, அத்தான்?

மறுபடியும் ஆரம்பித்தேன். இரண்டு கட்டை வீணாயிற்று. மடங்காத கட்டைவிரல் நீட்டிக்கொண்டு படுக்க ஒரு இடம் வேண்டும் என்பது மூன்றாவதில்தான் புத்திக்கு எட்டியது. அலகுக்கும் புதிதாக ஒரு அரம் எடுத்துத் தீட்டினேன். தோசைக்கல்லைக் கேட்டபோது அக்கா துடைத்து எடுத்துக் கொடுத்தாள். பத்து நாள் ஆயிற்று. மாவும் அந்த ஒரு நூலும் உங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நான் செய்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து பிலோமி வந்தாள். கையோடு ஒரு சங்கும் கொண்டுவந்திருந்தாள். சுரண்டியைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள். பழுப்புத் தோல் பொடியாக உதிர்ந்தது. கையை மாற்றிப் பார்த்தாள், மறுபடியும் இழுத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். என் காதால் கேட்டேன், அத்தான்.

அடுத்து ஒன்று சொன்னாள்: "இது அண்ணாச்சி கைவேலதான். இத வச்சிக்கிட்டா அண்ணே, அன்னைக்கு அந்தச் சின்னதக் குடுத்தீக?"

வந்த தபால் எனக்கு, பட்டுவாடா உங்களுக்கு. 'நான் செஞ்சது' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் சுரண்டியை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "போறதுக்கு முந்தி எனக்குன்னு முடிச்சு வச்சிட்டுல்லா போயிருக்காக" என்று அழ ஆரம்பித்தாள். அக்கா வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு. இப்பந்தான் கண்ணுல பட்டுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்னும் எனக்குத் தெரியவில்லை. "ஒனக்கு நல்ல மனசுலே" என்கிறாள் அக்கா. நல்ல மனசுக்கு இப்படி வயிறு எரியுமா?

ஐஸ் உடைக்கிற குத்தூசிக்குப் பிடி வேண்டும் என்று அடுத்த வாரம் ஒருவர் வருகிறார். மாவை நான்தான் பிசைவேன். யார் கேட்டாலும் ஜெயபால் செய்தது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன். ஆனால் பிலோமியிடம் உண்மையைச் சொல்ல மாட்டேன், இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. இதைப் படிக்கிறவர்களும் தயவுசெய்து அவளிடம் வாயை விட வேண்டாம். அந்தச் சுரண்டி உங்கள் பேரிலேயே இருக்கட்டும். நீங்கள் செய்ததிலேயே அதுதான் நல்லது, அத்தான்.

வயிற்றெரிச்சல் இன்னும் அடங்காத
உங்கள் மச்சினன்,
ஜெயபால்