மிஸிக்கு ஒரு வாளி தண்ணீர்

8.1.1974, செவ்வாய்

இன்றும் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் வகுப்பில் நாங்கள் இருந்து படிக்கும் வாங்குகளைச் சேர்த்துப் பாய் விரித்து வாந்திபேதிக்காரரைக் கிடத்தியிருக்கிறார்கள்; இப்போது அதுதான் வாட்டு. நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. மாரி வெள்ளம் பள்ளத்துக் கிணறுகளுக்குள் இறங்கியதால் வந்த வினை என்று வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா சொல்கிறார்.

நோயாளரைப் பராமரிக்க யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு தாதி மிஸிமார் வந்தார்கள். எமிலி மிஸிக்கே காய்ச்சல் பிடித்து, நேற்று லோஞ்சுப் படகில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் மாக்கிறேற் மிஸி ஒருவர்தான். கரம்பொன் ஆள். கடல் கொந்தளிப்பு, வேறு ஆள் இப்போதைக்கு வராது.

மிஸி எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார். படலைக்கு வெளியே நின்றே சொன்னார்: "தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடியுங்கோ. வாட்டிலயிருந்து வாற ஒருத்தரையும் கிணத்தில கைவைக்க விடாதேங்கோ." அம்மா தலையாட்டினார். எங்கள் கிணறு மேட்டில் இருப்பதால் அயல் முழுவதும் இங்கேதான் அள்ளுகிறது.

10.1.1974, வியாழன்

மிஸியின் சொல்லை ஊர் நன்றாகக் கேட்டுக்கொண்டது. அதுதான் வில்லங்கம்.

நோயாளர் குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர்க் குடத்தைப் பள்ளிக்கூட வாசலில் வைக்கப் போனேன். மிஸியின் கைகளைக் கண்டேன். லைசோலில் கழுவிக் கழுவித் தோல் வெடித்திருக்கிறது. தலைமயிர் உப்பில் திரித்திரியாய் நின்றது. கடலில் குளிக்கிறாராம்.

"ஏன் மிஸி, கிணத்தில குளிக்கலாந்தானே?"

"நானும் வாட்டிலயிருந்துதானே பிள்ளை வாறன்" என்று சிரித்தார். ஒரு கிணற்றடிக்குப் போனவராம். அங்கே நின்றவர்கள் வாளியை எடுத்து ஒளித்துவிட்டு, "நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார்களாம். மிஸி கடற்கரைக்கு நடந்துவிட்டார்.

எந்தக் கிணறு என்று நான் கேட்கவில்லை.

11.1.1974, வெள்ளி

அம்மாவிடம் கேட்டேன்.

"ஓம், நான்தான் ஒளிச்சனான்" என்றார். மடியில் தங்கச்சி பால் குடித்துக்கொண்டிருந்தாள். "இவளுக்கு வந்தால் நான் என்ன செய்யிறது? உன்ர அப்பா மாத்தறையில கடையோட நிக்கிறார். நான் தனிய."

அம்மா சொல்வது சரி. மிஸி சொன்னதும் சரி. எல்லாரும் சரியாக இருந்துகொண்டு ஒரு மனிசியைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறோம். இது எப்படி?

சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டினேன். 'நோயாளியைத் தொட்டபின் கைகளை நன்னீரில் கழுவுக' என்று இருக்கிறது. நன்னீரை யார் தருவது என்று இல்லை.

12.1.1974, சனி

மிஸி விழுந்திட்டா. சேலைன் போத்தலைத் தூக்கிக்கொண்டு நிண்டபடியே விழுந்தவவாம். அவவுக்கும் பேதி எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை. இருக்கக்கூடாது, இருக்கக்கூடாது. அவவைக் கிடத்தியிருக்கிறது என்ர வாங்கில. அவவுக்கு வந்தால் ஆர் பாக்கிறது?

13.1.1974, ஞாயிறு

பேதி இல்லை. அப்போதிக்கரி ஐயா வந்து சொன்னார். நித்திரையுமில்லை, வாய்க்கு ருசியாக ஒரு பிடி சோறுமில்லை, வெடித்த கையில் உப்புத்தண்ணீர் வேறு.

"அவ உங்களைப் பாத்தவ. அவவை ஆர் பாத்தது?" என்று அம்மாவைத்தான் கேட்டார். "இப்பிடியே போனால் அவவையும் நான் லோஞ்சில ஏத்தவேண்டிவரும். பிறகு உங்களுக்கு நான் ஒருத்தன்தான்."

அவர் போனபின் அம்மா அடுப்படிக்குத் திரும்பினார். நான்தான் தொடங்கினேன். "மிஸி கிணத்தைத் தொடக்கூடாது எண்டுதானேயம்மா சொன்னவ. தண்ணி அவவிட்டப் போகக்கூடாது எண்டு சொல்லேல்லையே."

"உந்தப் படிப்பு உனக்கு வாயைத்தான் வளர்க்குது" என்றார் அம்மா.

ஆனால் அண்டாவைக் கழுவி அடுப்பில் வைத்தார்.

14.1.1974, திங்கள்

தைப்பொங்கல். பல வீடுகளில் செத்தவீட்டுத் துடக்கு. பொங்கிய வீடுகளிலும் சத்தமில்லை, வெடி இல்லை.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் மிஸி குளிக்கத் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தோம். குளித்த தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடாமல் கிடங்கு வெட்டவேண்டும் என்று, எழுந்து நிற்க ஏலாத நிலையிலும் மிஸி படுத்தபடி கட்டளையிட்டார். அண்டாத் தண்ணீரை நானும் அம்மாவும் தடியில் காவிக்கொண்டு போனோம். அப்பாவின் அக்கா, அன்னப்பிள்ளை மாமி, வேலிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன நாகபூசணி, மிஸி பெரியபிள்ளையாகிட்டாவோ, சாமத்தியத் தண்ணி வாக்கப் போறியோ?"

"வாக்கிறது மாமிமார்தானே. நீங்கள் வாருங்கோவன் மச்சாள்" என்றார் அம்மா.

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கிடுகடிக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வந்தார். கையில் ஒரு முழுச் சவுக்காரக்கட்டி. கடைகளில் இப்போது கண்ணிலும் காணக்கிடையாத சாமான். எங்கே வைத்திருந்தாரோ!

மறைப்புக்குள் அம்மா செம்பால் வார்க்க, மிஸி மெல்லிய குரலில் மாதாவின் பாட்டொன்று பாடியது கேட்டது. அம்மா வெளியே வந்து தன் கைகளை நெடுநேரம் சவுக்காரம் போட்டுக் கழுவினார். பயம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் நாளைக்கும் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொன்னார், மிஸியின் கைக்குப் பூச நல்லெண்ணெயும்.

17.1.1974, வியாழன்

தண்ணீர் கொடுத்துவிட்டோம். நித்திரையை எப்படிக் கொடுப்பது? எழும்பி நடந்ததும் மிஸி பழையபடி வேலைதான். படுங்கோ என்றால், "நான் படுத்தால் ஆர் பாக்கிறது?" என்கிறார்.

"கஞ்சி பருக்கிறதுக்கும் சோதினை பாஸ் பண்ணவேணுமோ?" என்று கேட்டார் மாமி. "நான் பெத்து வளத்ததுகள் எல்லாம் என்ர கையாலதான் குடிச்சதுகள்."

மிஸி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சரி, அப்ப கேளுங்கோ அக்கா" என்று தொடங்கினார். உப்புக் கஞ்சியை எப்படிச் சிறிது சிறிதாகக் கொடுப்பது, கையை எப்படிக் கழுவுவது, கண் குழி விழுந்தால், சலம் என்கிற சிறுநீர் போகாவிட்டால் உடனே தன்னை எழுப்புவது. மாமி எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். அம்மாவும் இன்னும் சில பெண்களும் நின்று கேட்டார்கள். மத்தியானத்துக்குப் பின் மிஸி படுப்பதென்றும், அந்த நேரம் இவர்கள் மாறி மாறி இருப்பதென்றும் முடிவு. அப்போதிக்கரி ஐயா, "நித்திரையும் நான் எழுதிற மருந்துதான்" என்றார்.

மிஸி படுத்தார். பாதி நித்திரையிலேயே எழும்பி வந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

19.1.1974, சனி

இன்றும் எழும்பி வந்தார். ஒரே ஒருமுறைதான்.

23.1.1974, புதன்

இரண்டு நாளாகப் புதிதாக எவரும் வரவில்லை. இன்று மத்தியானம் கழிந்து ஒருவரை மாட்டுவண்டிலில் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் வாசலில் நின்று, "மிஸி! மிஸி!" என்று கூப்பிட்டார்.

மாமி வெளியே வந்தார். "சத்தம் போடாதையும். அவ படுத்திருக்கிறா. ஆளை உள்ளுக்கு இறக்கும்."

அப்போதிக்கரி ஐயா பார்த்துவிட்டு, கஞ்சியே போதும் என்றார். மாமி பருக்கினார், அம்மா தலையைத் தாங்கிப் பிடித்தார். தங்கச்சி என் இடுப்பில். நான் வாசலோடு நின்றுவிட்டேன், பிள்ளைகளுக்கு உள்ளே போக அனுமதி இல்லை.

மிஸி எழும்பி வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. புது ஆளைக் கண்டதும் முகம் மாறியது. "ஏன் என்னை எழுப்பேல்லை?"

"கண் குழி விழேல்லை. சலம் போகுது. பிறகேன் எழுப்பிறது?" என்றார் மாமி.

மிஸி குனிந்து அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து என் பக்கத்தில் படியில் அமர்ந்தார். அம்மா தேத்தண்ணீரும் ஒரு கடி பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்.

மிஸி ஆறுதலாக, பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, முழுவதையும் குடித்து முடித்தார்.